சுருட்டுக் குடோனில் ஒரு மழைக்காலம்

மூன்று நாளாக மழை விடவில்லை. நேற்றுக் காலையில் பீரோவின் அடித்தட்டைத் திறந்து, ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள என் கணவர் கேட்ட தோல் பெல்ட்டை எடுத்தால், நெடுகிலும் வெள்ளையாகப் பூசணம். "தூக்கிப் போடும்மா, வேற ஆர்டர் பண்ணிக்கலாம்" என்றாள் என் மகள். நான் அதற்குள் அதை மூக்கருகில் கொண்டுபோயிருந்தேன். வீட்டில் என்னைக் கேலி செய்ய அவர்களுக்கு இது ஒரு காரணம். ரொட்டியோ, ஊறுகாயோ, செருப்போ, பூசணம் கண்டால் நான் முதலில் முகர்ந்துதான் பார்ப்பேன். ஒரு குடோனில் சம்பளத்துக்கு வேலை பார்த்து வந்த பழக்கம். அந்தச் சம்பளம் நின்று இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் பழக்கம் நிற்கவில்லை.

பி.காம். முடித்ததும் பாங்கு வேலை கிடைக்கும் என்று அப்பா நம்பினார். எனக்குக் கிடைத்தது புதுக்கோட்டையில் ஒரு சுருட்டு மொத்தக் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் குடோன். சரக்கு வருவதையும் போவதையும் பார்த்துக்கொள்வதும், வெளியூருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதும் என் வேலை. முதல் வாரத்திலேயே புகையிலை நெடி தலைமுடியில் ஏறிவிட்டது. சாயங்காலம் அன்னவாசல் பஸ்ஸில் ஏறினால், "யாருங்க உள்ள சுருட்டப் பத்தவச்சது?" என்று கண்டக்டர் கேட்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பக்கத்து சீட்டு அம்மாக்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்வார்கள். அந்த வருடம் முழுக்க எனக்குத் தாராளமாக இடம் கிடைத்தது.

குடோனைப் பார்த்துக்கொண்டவர் ஆரோக்கியம் அண்ணன். குளத்தூர்க்காரர். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். பத்தாவது படித்தவர். நான் வந்ததும் முதலாளி சாவிக்கொத்தை அவரிடமிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தார். எனக்கு அது பெருமையாக இருந்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. அவர் அன்றிலிருந்து என்னை 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்தார், அவ்வளவுதான்.

சுருட்டைக் கெடாமல் வைத்திருப்பது நச்சுப்பிடித்த வேலை. ஈரம் துளியும் இல்லாவிட்டால் மேல் இலை வெடித்து உதிரும். ஈரம் கூடினால் பூசணம். ஆரோக்கியம் அண்ணன் பெட்டிகளைத் தரையில் வைக்கவே மாட்டார். கீழே பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, பெட்டிக்குப் பெட்டி இடைவெளி விட்டு அடுக்குவார். மழைக்காலத்தில் மூலைக்கு மூலை சாக்கில் அடுப்புக்கரி வைப்பார், அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று. வெயில் ஏறிய பிறகுதான் ஜன்னலைத் திறப்பார், பொழுது சாயும் முன் அடைத்துவிடுவார். இதையெல்லாம் இன்று விவரமாகச் சொல்கிறேனே தவிர, அன்று என் கண்ணுக்குப் பட்டது கோணல்மாணலான ஒரு குடோனும் கரிமூட்டையும்தான். காலேஜில் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டுப் பாராட்டு வாங்கியவள் நான்.

ஐப்பசி பிறந்தது. ஆரோக்கியம் அண்ணனின் மனைவிக்குத் தலைப்பிரசவம். குளத்தூரிலிருந்து திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பத்து நாள் லீவு கேட்டார்.

போகும்போது என்னிடம் வந்து, "டீச்சர், மழை புடிச்சாலும் பெட்டிய மூடிறாதீங்க. அது மூச்சு விடணும்" என்றார்.

"சரிண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். அவர் போன இரண்டாம் நாளே பெட்டிகளை ரகவாரியாகப் பிரித்து, சுவரை ஒட்டி வரிசையாக அடுக்கினேன். கரிமூட்டைகளைக் கொல்லைப்பக்கம் தள்ளினேன். மழை பிடித்து ஓட்டில் ஒரு இடம் சொட்டியது. உடனே பாலிதீன் தாள் வாங்கி, எல்லாப் பெட்டியையும் சேர்த்து இழுத்து மூடி, ஓரத்தில் டேப் ஒட்டினேன். முடித்துவிட்டு வாசலில் நின்று பார்த்தபோது, நிஜமாகவே அழகாக இருந்தது. முதலாளி வந்து பார்ப்பாரா என்று காத்திருந்தேன். அவருக்கு மூட்டுவலி, வரவில்லை.

ஏழு நாள் மழை. எட்டாம் நாள் மீமிசலுக்குச் சரக்கு போக வேண்டும். கடலுக்குப் போகிறவர்கள் வாங்குகிற காட்டமான சுருட்டு, எங்கள் கடையில் நன்றாக ஓடுவது அதுதான். முதலாளியே அன்று குடோனுக்கு வந்தார். தாளைப் பிரித்ததும் அதன் உள்பக்கம் நீர் முத்து முத்தாக நின்றது. முதல் பெட்டியைத் திறந்தார். பச்சையும் வெள்ளையுமாக, பஞ்சு ஒட்டினாற்போல் இருந்தது. அடுத்ததும் அப்படியே. அந்த வாடையை எப்படிச் சொல்வது? ஈரத் துணியை நாலு நாள் சுருட்டி வைத்தால் வருமே, அதோடு புகையிலையின் கசப்பும் சேர்ந்தது.

முதலாளி கோபப்பட்டுக் கத்துகிறவர் இல்லை. பெட்டியை மெல்லக் கீழே வைத்துவிட்டு, "ஆரோக்கியந்தான் இத மூடிட்டு லீவுல போனானா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாய் முந்திக்கொண்டது. ஆனால் திருத்திச் சொல்ல எனக்கு அன்று சாயங்காலம் வரை நேரம் இருந்தது, அதற்குப் பிறகும் இருந்தது.

மறுநாள் ஆரோக்கியம் அண்ணன் வந்தார். பெண் குழந்தை, தாய்க்கும் பிள்ளைக்கும் சுகம் என்று சொல்லி எனக்கும் சாக்லேட் கொடுத்தார். முதலாளி அவரை அறைக்குள் கூப்பிட்டார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு கடிதத்தை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் குடோனுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான்கு நாள் இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து சுருட்டுகளைப் பிரித்தோம். நான் வெள்ளையாகத் தெரிந்ததையெல்லாம் கழித்துக்கட்டும் குவியலில் போட்டேன். அவர் அதிலிருந்து ஒன்றை எடுத்து, வேட்டி நுனியால் ஒரு தடவு தடவினார். வெள்ளை போய்விட்டது, கறை இல்லை.

"இது பூசணம் இல்லைங்க. எலையில உள்ள எண்ணெ வெளிய வந்து மாவாட்டம் படியுது. நல்ல சரக்குலதான் இது வரும். மோந்து பாருங்க, வாடை இருக்கா?"

இல்லை. அடுத்ததை நீட்டினார். அதில் வாடை இருந்தது. துடைத்தும் பச்சைக் கறை போகவில்லை. நான்கு நாளும் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்: இதில் இருக்கிறது, இதில் இல்லை. துடைத்துத் தேறியதை நிழலில் பரப்பி உலர்த்தினோம். முக்கால்வாசி தேறவில்லை. ஐந்தாம் நாள், அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி அவரிடம் சொல்லிவிட்டார். தைப்பொங்கலுக்கு முன்பே அவர் குவைத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நானும் அங்கே அதிக நாள் இருக்கவில்லை. பரீட்சை எழுதி அரசு வேலைக்கு வந்துவிட்டேன். கல்யாணம், மகள், மாற்றல், மறுபடியும் புதுக்கோட்டை. நாலைந்து வருடத்துக்கு முன்னால், முதலாளி படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று கேட்டு ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனேன். இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சொன்னேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். பிறகு, "தெரியும்மா" என்றார். "அவன் லீவுல போனதுக்கப்பறந்தான மழையே வந்துச்சு. எனக்குத் தெரியாதா? எனக்கு லெட்டர் எழுத ஆள் வேணுமே. ஒன்னைய விட்டா வேற யாரு எழுதுவா? பெட்டி அடுக்க ஆள் கெடைக்கும்."

ஆரஞ்சை உரித்து அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அத்தனை வருடம் அந்த ஒரு சொல்லை நான் தனியாகச் சுமந்துகொண்டிருந்ததாக எண்ணம். அவரும் கூடவே சுமந்திருக்கிறார், ஆனால் அவருக்கு அது கனக்கவே இல்லை போலிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு குளத்தூருக்குப் போனேன். ஆரோக்கியம் அண்ணன் குவைத்திலிருந்து வந்து வீட்டோடு இருந்தார். சர்க்கரை நோயில் ஒரு காலில் இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாளாம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி சொன்னதையும் சொன்னேன். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் வரவில்லை.

"நீங்க ஏண்ணே அன்னைக்கி எதுத்துச் சொல்லல?" என்று கேட்டேன். என்னைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தார் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேனோ என்னவோ.

"சொன்னேங்க. அந்த ரூமுக்குள்ள சொன்னேன். 'அந்தப் புள்ளகிட்ட கேட்டுட்டேன், நீதான்னு சொல்லுச்சு'ன்னாரு. அதுக்கு மேல என்னத்தப் பேசுறது. வீட்டுல பத்து நாப் பிள்ள." கொஞ்ச நேரம் காலை நீவிக்கொண்டிருந்தார். "எம் மக அஞ்சு வயசு வரைக்கும் என்னைய மாமான்னுதான் கூப்பிட்டா. போட்டோல பாத்த ஆளு தான."

நான் காபியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை லேசாகத் தூக்கித் தடுத்தார். "சரி, பஸ்ஸு இப்ப வந்துரும், கெளம்புங்க" என்றார்.

முதலாளி அந்த வருடமே போய்விட்டார். பிள்ளைகள் கடையை விற்றுவிட்டார்கள். போன மாதம் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தபோது பார்த்தேன், பொக்லைன் வைத்துக் குடோனை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஓடுகளை ஏற்கனவே இறக்கிவிட்டிருந்தார்கள். சுற்றி நின்ற யாருக்கும் அங்கே சுருட்டு வைத்திருந்தார்கள் என்பதே தெரியவில்லை. அரிசி மண்டி இருந்ததாக ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது நானும் ஆரோக்கியம் அண்ணனும்தான். எங்களுக்குள் பேச்சு இல்லை.