இரத்தினத்தின் வலது தோள்

இரத்தினம் கண்மூடியது 2014 தை மாதம். சித்திரையில், அவர் படித்த ஊர்க் கல்லூரியின் பழைய மாணவர் சங்கப் பாரிஸ் கிளை ஒரு முடிவெடுத்தது: ஆண்டுதோறும் அங்கிருந்து பல்கலைக்கழகம் போகும் ஒரு பிள்ளைக்கு அவர் நினைவாகப் புலமைப்பரிசில். கல்லூரி மண்டபத்தில் மாட்ட ஒரு படமும் வேண்டும். சங்கச் செயலாளர் துஷ்யந்தன் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவின் ஸ்டூடியோ ஒன்றில் படத்தைச் செய்வித்து, இரத்தினத்தின் மகள் நிரோஜினிக்கு அனுப்பினார்.

படத்தில் இருந்தவர் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தார். முகம் அப்பாவுடையது. கழுத்துக்குக் கீழே யாரோ.

இரத்தினம் கோட்டுப் போட்டதில்லை. கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கத்து உணவகமொன்றின் நிலவறையில் கோப்பை கழுவினார். கழுவிய தட்டுப் பெட்டிகளை வலது தோளில் வைத்துப் படியேறினார். வருடங்கள் போகப் போக அந்தத் தோள் இறங்கிவிட்டது. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கியவர்களுக்குத் தன் ஒற்றை அறையில் பாய் விரித்தார், வேலை தேடிக் கொடுத்தார், சீட்டாட்டத்தில் அவர்களையே அளாப்பி ஏமாற்றினார். சங்கக் கூட்டங்களில் சமையல் அவர் பொறுப்பு, பேச்சுகளின்போது நித்திரை. வாக்கெடுப்பு என்றால் மட்டும் விழித்து, இரண்டு பக்கத்துக்கும் கை உயர்த்துவார். எப்போதும் இடக்கை. மற்றது உயராது.

அந்தத் தோளைத்தான் படத்தில் காணவில்லை.

நிரோஜினி ஸ்டூடியோவுக்குப் போனாள். வழியில் கடைக் கண்ணாடிகளில் மரண அறிவித்தல்கள். நின்று பார்த்தாள். போன வாரம் செத்தவர், போன மாதம் செத்தவர், படங்களில் எல்லோரும் அப்பாவுக்குப் போட்ட அதே கோட்டை அணிந்திருந்தார்கள். கழுத்துப்பட்டியின் சாய்ந்த கோடுகூட ஒன்றே.

"வலது தோளை இறக்கிவிடுங்கோ," என்றாள்.

ஸ்டூடியோக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, நாங்கள் ஆக்களை நிமித்திறனாங்கள். சரிக்கிறேல்லை."

"அப்பா சரிஞ்சுதான் நிண்டவர்."

"எல்லாரும் சரிஞ்சுதான் வருகினம். அதுக்குத்தானே நான் கடை வைச்சிருக்கிறன்."

மெத்ரோ ரயிலில் பொபினி வீட்டுக்குத் திரும்பும்போது கண்ணயர்ந்தாள். கனவில் லா சப்பல் தெரு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் மங்கலான வெளிச்சம். மாம்பழப் பெட்டிகள், துணிக்கடைப் பொம்மைகள், எல்லாம் மெல்ல அசைந்தன. இறந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவர் கோட்டைக் கழற்றி அடுத்தவரிடம் கொடுத்தார். அவர் போட்டுச் சற்றுநேரம் நின்றார். பிறகு அவரும் கழற்றிக் கொடுத்தார். அவசரமே இல்லை. அப்பாவின் முறை வந்தது. இடக்கை நுழைந்தது. வலக்கை, கோட்டின் கையைத் தேடித் தேடிக் காற்றில் அலைந்தது. பின்னால் நின்ற யாரோ, "ஆறுதலாப் போடுங்கோ அண்ணை, ரெயினே ஓடப்போகுது?" என்றார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்போடு வண்டி கடைசித் தரிப்பில் நின்றது.

வீட்டில் அம்மா வள்ளிநாயகி ஸ்டூடியோப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடிவா இருக்கிறார். இதையே அனுப்பு."

"இது அப்பா இல்லை."

"அவர் ஊருக்குச் சொன்னது ஒபிஸ் வேலை எண்டு. கடைசி மட்டும் அப்பிடித்தான் சொன்னவர். இப்ப நீ போய் அவரைப் பொய்யன் ஆக்கப்போறியோ?"

நிரோஜினி ரயில் பாதைப் பொறியியலாளர். வளைவுகளில் ஒரு தண்டவாளம் மற்றதைவிட உயர்ந்திருக்கவேண்டும். மட்டமாகப் போட்டால் அதுதான் பிழை. ஆனால் இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கணினியைத் திறந்தாள்.

சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடல் படமொன்று இருந்தது. மரத்தடியில் அப்பா, கையில் அகப்பை, சேட்டுப் பொத்தானொன்று திறந்தபடி. யாரையோ பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தத் தோளின் சரிவை அளந்தாள். ஸ்டூடியோப் படத்தில் அப்பா போட்டிருந்த கோட்டை அவள் தொடவில்லை. அது அவர் ஊருக்குச் சொன்ன சொல். அதற்குள்ளே தோளை மட்டும் இறக்கினாள். கோட்டுக் கழுத்தின் வலப்புறம் மெல்லச் சரிந்தது. முகம் உடனே உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"அம்மா, ஒருக்கா வாங்கோ."

வள்ளிநாயகி வந்து நின்றார். திரையைப் பார்த்தார். அவர் கை தானாக நீண்டு, கண்ணாடித் திரையில், சரிந்திருந்த கோட்டின் கழுத்தைப் பிடித்து மேலே இழுத்துவிடப் பார்த்தது. கோவிலுக்கோ கலியாண வீட்டுக்கோ புறப்படும்போதெல்லாம் வாசலில் கணவரின் சேட்டுக் கழுத்தை அவர் இப்படித்தான் இழுத்துவிடுவார். விரல் வழுக்கியது. மறுபடியும் இழுத்தார்.

"எத்தினை தரம் சொல்லியிருப்பன், நேரா நில்லுங்கோ எண்டு," என்றார். பிறகு கதிரையில் உட்கார்ந்து, கன நேரம் அழுதார்.

"பழையபடி மாத்தட்டோ அம்மா?"

"மாத்தாதை."

"ஊரிலை கேட்டால்?"

வள்ளிநாயகி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "கேக்கட்டும். பாரம் தூக்கினவர் எண்டு சொல்லு. கோப்பை கழுவினவர் எண்டும் சொல்லு. எனக்குச் சொல்ல வெக்கமில்லை, அவருக்குத்தான் இருந்தது."

படம் போய்ச் சேர்ந்ததும் துஷ்யந்தன் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, படம் ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கே?"

"ஓம் அண்ணை, சரியாத்தான் சரிஞ்சிருக்கு."

துஷ்யந்தனும் ஒருகாலத்தில் அந்த ஒற்றை அறையில் பாயில் படுத்தவர்.

"ஓம்," என்றார். "அவர்தான்."