கிழக்கு மூலையைத் திறந்த வெளிக்கு விட்ட கதை

நேசமலரக்காவைப் பற்றிச் சொல்லுறதெண்டால் முதல் என்னைத்தான் ஏசவேணும். பிரதேச சபையில இருபத்திரண்டு வருசமாக் கிளாக் வேலை பாக்கிற எனக்கு மூளை எங்க போச்சுதெண்டு இண்டைக்கும் தெரியேல்லை.

அக்கா பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைக்கிறவா. சொந்த ஊர் ஜெயபுரம். அங்க அவாவுக்கு வயல் காணி கிடக்கு. சண்டை முடிஞ்சு முகாமால விட்ட உடனை எல்லாரும் தங்கட தங்கட ஊருக்கு ஓட, இவா மட்டும் எங்கட ஊரில ஒரு கொட்டிலை வாடகைக்கு எடுத்து இருந்திட்டா. "உனக்கென்ன விசரே?" எண்டு தமையன் ஏரம்பு வந்து கத்திப்போட்டுப் போனார். அவா போகேல்லை. வெள்ளிக்கிழமையில ஓலை பொறுக்கப் போறனெண்டு அப்புத்துரையற்ற தென்னங்காணிக்குப் போவா. ஓலை என்னவோ கொஞ்சம்தான் கொண்டு வருவா.

போன வருசம் அப்புத்துரையற்ற மகன் வெளிநாட்டால வந்து அந்த எட்டு ஏக்கர்த் தென்னங்காணியையும் ஒரு கொம்பனிக்கு வித்துப்போட்டார். கொம்பனி அதை நாற்பத்திரண்டு வீட்டுத் துண்டாப் பிரிக்கப் பிளான் கீறி எங்கட சபைக்குக் குடுத்தது. ஆட்சேபனை இருந்தால் ரெண்டு கிழமைக்குள்ள சொல்லுங்கோ எண்டு நான்தான் நோட்டீஸ் ஒட்டினனான். அடுத்த நாள் காலமை அக்கா என்ர மேசைக்கு முன்னால வந்து நிக்கிறா.

"தம்பி, கிழக்கு மூலையில வீடு வரக் கூடாது."

"ஏனக்கா?"

சுத்திவரப் பாத்துப்போட்டு மெதுவாச் சொன்னா. சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து போகேக்க அந்தக் காணியில தறப்பாள் கொட்டில் கட்டி ரெண்டு கிழமை இருந்தவையாம். அங்க வைச்சு நாலு வயசு மகள் சுதாஜினியைப் பாம்பு கடிச்சிட்டுது. ஆசுபத்திரி அதுக்கு முதல் நாள்தான் இடம் மாறிப் போனதாம். பிள்ளையைக் கிழக்கு மூலையில, பாலை மரத்துக்குக் கீழ குழி வெட்டித் தாட்டவை.

"இதை அப்பிடியே எழுதுவம் அக்கா" எண்டன்.

"ஐயோ வேண்டாம்! எலும்பெண்டால் பொலிஸ் வரும், கோட்டு வரும். நாலு பக்கமும் நாடா கட்டிக் கிண்டுவாங்கள். என்ர பிள்ளையைப் பெட்டியில போட்டு நம்பர் ஒட்டிக் கொண்டு போயிடுவாங்கள் தம்பி. பிறகு எந்தக் காலம் திருப்பித் தருவாங்கள்?"

வன்னியில அந்தப் பயம் இல்லாத தாய் ஆர்?

அப்பதான் என்ர பெரிய மூளை வேலை செய்தது. இவ்வளவு பெரிய காணியைப் பிரிச்சால் பத்தில ஒரு பங்கை ஊருக்குப் பொதுவாத் திறந்த வெளியா விடவேணும். கொம்பனிக்காரர் விண்ணர், பெரிய கெட்டிக்காரர். மாரிக்கு வெள்ளம் நிக்கிற பின்பள்ளத்தை அதுக்கெண்டு காட்டியிருந்தவை. நான் அக்காவின்ர பேரில கடிதம் எழுதினன். பள்ளத்தில பிள்ளையள் விளையாட ஏலாது, கிழக்கு மூலை மேட்டைத் திறந்த வெளியா விடுங்கோ, பாலை மரமும் நிக்கட்டும் எண்டு. சுதாஜினியைப் பற்றி ஒரு சொல்லுமில்லை.

திட்டமிடல் குழு காணி பாக்கப் போனது. நானும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பின்னால போனனான். தொழினுட்ப உத்தியோகத்தர் பள்ளத்துச் சேத்தில சப்பாத்துப் புதைய நிண்டுகொண்டு, "அந்த அம்மா எழுதினதுதான் சரி" எண்டார். குழுவும் ஓமெண்டது. போய்ச் சொன்ன உடனை அக்கா என்ர கையைப் பிடிச்சு அழுதா.

"இனி ஒருத்தரும் அவளுக்கு மேல வீடு கட்டாயினம், என்ன தம்பி?"

"கட்டேலாது அக்கா. இனி அது சபைக்குச் சொந்தம்."

அண்டைக்கு நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு வீட்டை போனனான், மடையன்.

அனுமதிக் கடிதத்தை ரைப் பண்ணினதும் நான்தான். கடைசியில வழக்கமான நிபந்தனை ஒண்டு வரும். துண்டுகளை விக்க முதல் திறந்த வெளியைத் துப்புரவாக்கி, மட்டப்படுத்தி, சபைக்குக் காணி உறுதி எழுதிக் குடுக்கவேணும். எத்தினை கடிதத்தில அடிச்ச வரி! கை தன்ர பாட்டில அடிச்சுது. அந்த மூலை வீட்டுத் துண்டா இருந்திருந்தாலும் வாங்கினவன் வந்து கட்டுமட்டும் சும்மா கிடந்திருக்கும். எல்லாத்துக்கும் முதல் இந்த மூலையை வெட்டுங்கோ எண்டு நானே எழுதிக் குடுத்திருக்கிறன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜேசிபி வந்தது. அடுப்பில சோறு கொதிக்க ஆரோ சொல்லியிருக்கினம், அக்கா அகப்பையோட ஓடி வந்தவாவாம். நான் சைக்கிளில போய்ச் சேரேக்க பாலை நிண்டது, கீழ மேட்டைக் காணேல்லை. மண் முழுக்க டிரக்டரில ஏத்திப் பின்பள்ளத்தை நிரப்பியாச்சு. மேல றோலரும் ஓடிட்டுது. அக்கா மரத்துக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறி ஓடினா. கத்தேல்லை. கத்தினால் ஏனெண்டு கேப்பாங்கள்.

என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தாலும் பரவாயில்லை. "நீங்கள் நல்லதுக்குத்தானே தம்பி எழுதினனீங்கள்" எண்டு சொன்னா. அந்தச் சொல்லு இண்டைக்கும் என்னைத் தின்னுது.

ரெண்டு மாதம் கழிச்சுத் திரும்ப என்ர மேசைக்கு வந்தா. மெலிஞ்சு போனா.

"பொலிசுக்கு எழுதுங்கோ தம்பி. என்ர பிள்ளை அங்க இருந்தவள் எண்டு எழுதுங்கோ. கிண்டட்டும். நம்பர் ஒட்டட்டும். ஒரு எலும்பெண்டாலும் கையில தரட்டும்."

கடதாசி எடுத்தன். பேரை எழுதினன். வயசு நாலெண்டு எழுதினன். எங்க கிண்டச் சொல்லி எழுதுறது? பள்ளம் இருந்த இடத்தில இப்ப எட்டு வீட்டுத் துண்டு. எந்த மண்ணை எதில கொட்டினதெண்டு டிரக்டர்காரனுக்கே தெரியாது.

"எட்டையும் எழுதுங்கோ" எண்டா.

எட்டும் வித்துப்போச்சுதக்கா எண்டு அவாவின்ர முகத்தைப் பாத்துச் சொன்னவனும் நான்தான்.