எந்தப் பந்தைப் பிடிக்கிறது?

சண்டை முடிந்து மீள்குடியேற்றம் நடந்த நாளிலிருந்து ஜெகதீஸ்வரிக்கு ஆட்களைக் கேள்வி கேட்பதே சீவியமாய்ப் போய்விட்டது. முதலில் இடிந்த வீடுகள், பிறகு மலசலகூடங்கள், பிறகு பிள்ளைகளின் நிறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். படிவம் முடிய வேலையும் முடிந்துவிடும். இப்போது ஐம்பத்திரண்டு வயதில், இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்காத பிள்ளைகளின் வாழ்க்கை எப்படியிருக்கிறது என்று கேட்கிற வேலை. முழங்கால் நோவோடு கிளிநொச்சியில் பஸ் ஏறுவாள்.

இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘ஒருநாளும் இல்லை’, ‘சிலவேளை’, ‘எப்போதும்’ என்று மூன்று பெட்டிகள். தாயிடமும் பிள்ளையிடமும் தனித்தனியே கேட்கவேண்டும். எல்லாவற்றுக்கும் ‘ஒருநாளும் இல்லை’ என்றால் நூறு புள்ளி; புள்ளி கூடினால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

தர்மபுரத்தில் அன்று அது நாலாவது வீடு. ஒன்பது வயது யதுர்ஷிகாவின் வலக்கண் இடைக்கிடை வெளிப்பக்கம் விலகுவதாகப் பள்ளிக்கூடப் பரிசோதனையில் எழுதியிருந்தார்கள். தாய் கஜனி, நெல்லுக் காயப்போட்ட கையோடு வந்தாள்.

“அவளுக்கு ஒரு குறையும் இல்லை அக்கா. வெயிலுக்க போனா ஒரு கண்ணைப் பொத்துவாள், அது பழக்கம்.”

எல்லாவற்றுக்கும் ‘ஒருநாளும் இல்லை’.

பிள்ளையைத் தனியே மாமரத்தடியில் இருத்திக் கேட்டாள். அங்கேயும் அதே பதில்தான். ஜெகதீஸ்வரிக்குக் கண் சொருகியது. மிச்சத்தைக் கேட்காமலே நிரப்பிவிடலாம் போலிருந்தது. முந்தி வேறு படிவங்களில் அப்படிச் செய்தும் இருக்கிறாள்.

“பந்து விளையாடேக்க கஷ்டமா இருக்கோ, பிள்ளை?”

“இல்லை.”

அடையாளம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகையில் பிள்ளை மெல்லச் சொன்னாள்.

“நான் விளையாடுறேல்லை ஆன்ரி.”

“ஏனம்மா?”

“ரெண்டு பந்து வரும். எந்தப் பந்தைப் பிடிக்கிறது?”

ஜெகதீஸ்வரி பேனையைக் கீழே வைத்தாள். “அம்மாட்டச் சொல்லேல்லையோ?”

“எல்லாருக்கும் ரெண்டுதானே தெரியும். மற்றப் பிள்ளையளுக்கு எது சரியான பந்து எண்டு விளங்குது. எனக்குத்தான் விளங்குறேல்லை.”

விளையாடாத பிள்ளைக்கு விளையாட்டில் கஷ்டம் இல்லைதான். படிவத்தின்படி அவள் முழுப்புள்ளி வாங்கியிருந்தாள்.

“அம்மாட்டச் சொல்லுவமோ?” என்று ஜெகதீஸ்வரி கேட்டாள். பிள்ளை தலையாட்டினாள். விஷயத்தைக் கேட்ட கஜனி நெல்லுக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டாள். “இவளுக்கு விளையாட்டில விருப்பமில்லை எண்டுதானே நான் நினைச்சனான்...”

ஜெகதீஸ்வரி அங்கிருந்தே கண் கிளினிக்குக்குப் போன் எடுத்துத் திகதி வாங்கிக் கொடுத்தாள். பிறகு கண்ணாடி வந்தது, கண்ணுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து அதே படிவத்தோடு போனபோது யதுர்ஷிகா வலைப்பந்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள். விழுந்த காயத்துக்கு முழங்காலில் பிளாஸ்டர். பந்து சிலவேளை தவறுமாம், கண்ணாடியைச் சிலவேளை நக்கலடிப்பார்களாம், அது உடைந்துவிடும் என்று எப்போதும் பயமாம். இப்படியே இன்னும் பல பதில்கள் மாறி, நூறாக இருந்த புள்ளி அறுபத்தைந்தாக இறங்கியது.

அலுவலகத்தில் படிவங்களைச் சரிபார்க்கிற திலீபன் போனில் கூப்பிட்டான். “அக்கா, வைத்தியம் செய்து பிள்ளை மோசமாப் போட்டுதோ? கேள்வியைப் பிழையாக் கேட்டிட்டியளோ?”

“பிழையில்லைத் தம்பி. அப்ப அவள் விளையாடேல்லை. இப்ப விளையாடுறாள்.”

“அதை எந்தப் பெட்டியில போடுறது?”

“பெட்டி இல்லை.”

திலீபன் மேலே கதைத்திருக்க வேண்டும். அடுத்த கிழமை படிவத்தில் ஒரு கேள்வி கூடியது: நீங்கள் விளையாடுவீர்களா? அதைக் கேட்க, ஏற்கெனவே போய்வந்த அறுபத்துமூன்று வீட்டுக்கும் ஜெகதீஸ்வரி திரும்பப் போகவேண்டியிருந்தது. தன் வாயைத் தானே திட்டிக்கொண்டு, முழங்காலுக்குத் தைலம் தடவிப்போட்டு, ஜெயபுரம் பஸ்சில் ஏறினாள்.