அத்தா அனுப்பிய தங்க ஃபிரேம்

போன வாரம் வீடியோ காலில் அத்தாவின் முகம் சிறுத்துக்கொண்டே போனது. நான் கேமரா முன் பிடித்த கல்லூரி மதிப்பெண் பட்டியலைப் படிப்பதற்காகப் போன் பிடித்த கையை நீட்டி நீட்டிப் பார்த்தவர், கடைசியில் ஒரு மின்விசிறியும் அதன்கீழ் ஒரு தாடியுமாக ஆகிவிட்டார். "கிட்ட வச்சுப் பாருங்க அத்தா" என்றேன். "கிட்ட வச்சா எழுத்து கலங்குது தங்கம்" என்றார். அந்த நொடியில்தான் உறைத்தது: எனக்கு முதல் கண்ணாடி அனுப்பிய மனிதர், தன் கண்ணை யாரிடமும் காட்டியதே இல்லை.

எங்கள் லெப்பைக்குடிக்காட்டில் அப்பாவை அத்தா என்போம்; பாதி வீடுகளுக்கு அவர் போனில் வருபவர்தான். மூன்றாம் வகுப்பில் கரும்பலகை எனக்குத் தெரியவில்லை என்று டீச்சர் சொல்லியனுப்ப, அம்மா அதை வளைகுடாவிலிருந்த அத்தாவிடம் சொல்ல, என் கண்ணைச் சோதிக்கும் முன்பே, லீவில் வந்த பக்கத்து வீட்டுக்காரரின் பெட்டியில், சோப்புக்கும் பால்பவுடருக்கும் நடுவே, அத்தர் மணக்க ஒரு தங்க நிற ஃபிரேம் வந்து இறங்கிவிட்டது. கடைக்காரர் ஒரு டீ ஆறுவதற்குள் என்னைச் சோதித்து, அதிலேயே லென்ஸைப் போட்டுக் கொடுத்தார். அது மூக்கில் நிற்கவில்லை. அம்மா பின்னால் "ரப்பர் கயிறு" கட்டினாள். தெருப் பிள்ளைகள் "ஏய், துபாய் சேட்டு!" என்று கத்தினார்கள்.

அதைப் போட்டால் தலை பிளந்தது. பள்ளி வேனில் வாந்தி வந்தது. "கண்ணூறுதான், தங்கக் கலருல போட்டா ஊரே பாக்குமே" என்று பெரியம்மா ஓதிய தண்ணீர் கொண்டுவந்தாள். அத்தா வருத்தப்படுவாரே என்று யாரும் அவரிடம் மூச்சுவிடவில்லை. அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டானது. போன் அடித்தால் அம்மா, "அத்தா கூப்புடுறாங்க, கண்ணாடிய எடு!" என்பாள், பேசி முடித்ததும் அது பீரோவுக்குப் போய்விடும். மற்ற நேரமெல்லாம் நான் மங்கலான உலகத்தில், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.

வருஷத் தேர்வில் கணக்கில் தோற்ற பிறகுதான் அம்மா என்னைப் பெரம்பலூருக்கு அழைத்துப் போனாள். பஸ் ஸ்டாண்டு அருகே, ஒரு மாடியில் கண் கிளினிக். அங்கே சோதித்த அக்காவுக்கு அவசரமே இல்லை. எப்போது வலிக்கிறது, எங்கே வலிக்கிறது என்று என்னிடமே கேட்டார். டாக்டர் சொட்டு மருந்து போட்ட பிறகு அக்கா என்னை வெகுநேரம் உட்காரவைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொன்னார். அம்மா பக்கத்திலிருந்து எழுத்தைக் கிசுகிசுக்க, "நீங்க பாஸுங்க, பாப்பா எழுதட்டும்" என்று சிரித்தார். பிறகு தங்க ஃபிரேமை எனக்கு மாட்டி, என் கருவிழிக்கு நேராக லென்ஸில் பேனாவால் புள்ளி வைத்து அம்மாவிடம் காட்டினார்.

"பவர் கிட்டத்தட்ட சரிதாங்க. ஆனா கண்ணு ஒரு எடத்துல இருக்கு, லென்ஸோட நடு வேற எடத்துல இருக்கு. பெரியவங்க ஃபிரேமுங்க இது."

"அவங்க ஆசையா அனுப்புனது. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

"வேணாம்னு சொல்லாதீங்க. பாப்பா வளந்து போட்டுக்கும்னு சொல்லுங்க. சீட்டு இந்தாங்க, எந்தக் கடையில வேணும்னாலும் போடுங்க. போட்டதும் கொண்டாந்து காட்டுங்க, சரியா இருக்கான்னு பாத்துத் தரேன்."

அக்கா சரிபார்த்துத் தந்த புதுப் பழுப்பு ஃபிரேம் கண்ணாடியோடு ஊர் திரும்பியபோது எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸின் பெயர்ப்பலகையையும், அரியலூர் சிமெண்ட் லாரிகளின் நம்பரையும் உரக்கப் படித்தேன். "போதும்டி, கண்டக்டருக்கு வேல இல்லாமப் பண்ணாத" என்றாள் அம்மா. அவள் கண் கலங்கியிருந்ததும் தெளிவாகத் தெரிந்தது.

அன்று போன் வந்தபோது நான் பீரோவைத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "கடையில நானே மாட்டி, கண்ணாடியில பாத்துட்டுத்தானே வாங்குனேன்" என்றார் அத்தா. பிறகு, "இனிமே ஆசைக்கும் அளவு எடுத்துக்கிட்டு அனுப்புறேன் தங்கம்."

இன்று அந்த மாடியில் செல்போன் கடை இருக்கிறது; அக்கா எந்த ஊரில் யாருக்குப் புள்ளி வைக்கிறாரோ. அத்தாவிடம் அங்கே சூப்பர் மார்க்கெட்டில் தொங்கியதை எடுத்த ஒரு கண்ணாடி இருக்கிறதாம். தலை வலிக்கிறதா என்றேன். "அது வெயிலு" என்கிறார்.

அடுத்த மாதம் லீவில் வருகிறார். அதற்குள் பெரம்பலூரிலும் அரியலூரிலும் கடை கடையாக ஏறி, அளவு எடுப்பீர்களா, போட்ட பிறகு சரிபார்த்துத் தருவீர்களா என்று கேட்கப்போகிறேன். கேள்விக்கு முகம் சுளிக்காத இடத்துக்கு அவரை அழைத்துப்போவேன். அம்மாவை வெளியே உட்காரவைக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்தைச் சொல்லிக்கொடுத்துவிடுவாள். தங்க ஃபிரேமை அவருக்காகத் துடைத்துப் பையில் வைத்திருக்கிறேன். அவர் முகத்தில் மாட்டி அவரே பார்த்து வாங்கியதுதானே அது. ஆனாலும், முதலில் புள்ளி வைக்கச் சொல்வேன்.