கத்தாத கருவி

ஊர்காவற்றுறையில் நான் வேலை பார்த்த ஐஸ் ஆலைக்குப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வருவார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஓடிக்கொலோன் வாசனைத் திரவம் தெளித்த லேஞ்சி என்ற கைக்குட்டை.

ஒருநாள் வாயுக்கசிவு காட்டும் கருவிகள் இரண்டை இயந்திர அறையில் அருகருகே வைத்தார். ஐஸ் உறையவைக்கும் அமோனியாவுக்கானது உடனே அலறியது. சமையல் வாயுவுக்கானது பேசாமல் கிடந்தது.

"கத்தாததைச் சுவரிலை பூட்டுவம். மற்றது படகுகளுக்கு ஐஸ் ஏத்திற நேரத்திலை வேலையைக் குழப்பும்," என்றார், லேஞ்சியால் மூக்கைப் பொத்தியபடி.

"ஐயா, உதுக்கு அமோனியா பிடிபடாது. உள்ளுக்கை சனம் வேலை செய்யுது," என்றேன்.

"கத்தேல்லைத்தானே? பிறகென்ன?"

கண்ணீர் வழிய வழிய, அதையே பூட்டச் சொல்லிக் கையெழுத்திட்டுவிட்டு வெளியே ஓடினார். கசிவை அவருடைய மூக்கும் கண்டுபிடித்திருந்தது. அதைப் பொத்திக்கொண்டுதான் எங்களுக்குக் கத்தாத கருவியைப் பூட்டவைத்தார்.