பங்களாவோடு வந்த பட்லர்

மைனருக்குத் தன் விருப்பத்தை விவரமாகச் சொல்லும் வயது வந்துவிட்டால், கோர்ட் அந்த விருப்பத்தையும் கவனத்தில் கொள்ளலாம் என்கிறது கார்டியன் சட்டம். கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது. கொண்டே ஆக வேண்டும் என்று இல்லை. பிற்காலத்தில் வருவாய்த் துறையில் நாற்காலி கிடைத்த பிறகு, இப்படிப்பட்ட வாசகங்களைக் காட்டியே நானும் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் அது வேலை செய்யும் விதத்தை முதலில் பார்த்தது என் ஒன்பது வயதில், திருவண்ணாமலையில், பெரியப்பாவின் பங்களாவில்.

பெரியப்பா மல்லாட்டை மில், அதாவது நிலக்கடலை மில், வைத்துச் சம்பாதித்தவர். ஊரைவிட்டுப் போன ஒரு துரையிடமிருந்து அந்தப் பங்களாவை வாங்கினார். மேஜை, நாற்காலி, பீங்கான் தட்டுகளோடு பட்லரும் வந்து சேர்ந்தார். பத்திரத்தில் அவர் பெயர் மட்டும் இல்லை. துரை போனாலும் பட்லர் தன் நடைமுறை எதையும் தளர்த்தவில்லை. வெள்ளைக் கோட்டு அணிந்து, வெண்கல மணியை அடித்துத்தான் சாப்பாட்டுக்கு அழைப்பார். ரசம் சூப்புத் தட்டில் வரும். தயிர்சாதத்துக்கு முள்கரண்டி வைப்பார். பெரியப்பா அதை மரியாதையாக ஓரம் தள்ளிவிட்டுக் கையால் சாப்பிடுவார்.

பெரியம்மா முன்பே காலமாகிவிட்டிருந்தார். பெரியப்பாவும் போனபோது மில், பங்களா, கீழ்பென்னாத்தூர் நிலம் எல்லாம் அவர்களுடைய ஒரே பெண்ணுக்கு வந்தன. அக்காவுக்கு அப்போது பதினான்கு வயது. கோர்ட் என் அப்பாவைக் கார்டியனாக நியமித்தது. அந்தக் கோடையில் நாங்கள் பங்களாவுக்குக் குடிவந்தோம்.

வந்த சில நாட்களிலேயே ஒரு விஷயம் என்னைக் குடைய ஆரம்பித்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் தூங்குவார்கள். அந்த நேரத்தில் அக்காவும் காணாமல் போவாள், பட்லரும் காணாமல் போவார். எங்கிருந்தோ சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். சமையலறையில் தேடினேன். ஸ்டோர் ரூமில் தேடினேன். மாமரத்தின் மேலேகூடப் பார்த்தேன். கடைசியில் பின்பக்க மாடிப்படியில் கண்டுபிடித்தேன்.

மேல்படியில் கோட்டைக் கழற்றி மடியில் வைத்தபடி பட்லர். அவருக்கு இரண்டு படி கீழே அக்கா. நடுவில் ஒரு கிண்ணம் வேகவைத்த மல்லாட்டை. அக்கா என் அப்பாவைப் போலத் தொண்டையைச் செருமி, "செலவு ஜாஸ்தி, வரவு கம்மி, லைட்ட அணைங்க" என்றாள். பட்லர் சிரித்துச் சிரித்து இருமினார்.

நான் சண்டைக்கே போனேன். "எங்கப்பாவையா கிண்டல் பண்றீங்க?"

"வா, நீயும் ஒக்காரு. ஒனக்கு வேணும்னா எங்கப்பாவ செஞ்சி காட்டறேன்" என்றாள் அக்கா.

எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் இருந்தது. அக்கா எதிரில் பட்லர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கேட்டேன். பெரியப்பா போன பிறகு, தனியாக மேஜையில் உட்கார்ந்து சாப்பிட அக்காவுக்குப் பிடிக்கவில்லை. பட்லரை உட்காரச் சொன்னாள். எஜமானர் முன்னால் பட்லர் உட்காரக் கூடாது என்பது அவருடைய வேதம். சரி, நானும் உட்கார மாட்டேன் என்று அக்கா நின்றுகொண்டே சாப்பிட்டாள். இரண்டு பிடிவாதங்களும் நாள்கணக்கில் எதிரெதிரே நின்றன. கடைசியில் பட்லரே விதிக்குள் ஒரு சந்து கண்டுபிடித்தார்.

"படில ஒக்கார்றது ஒக்கார்ற கணக்குலயே வராது, சின்ன பாப்பா. ஏறும்போது மூச்சு வாங்கறோம், அவ்ளோதான்" என்று எனக்கு விளக்கினார்.

"இவரு டெய்லி ஒரு மணி நேரம் மூச்சு வாங்குவாரு" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து நானும் அவர்களோடு மூச்சு வாங்கினேன். பட்லர் துரையை நடித்துக் காட்டுவார். அக்கா உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக நடித்துக் காட்டுவாள். யார் யாருக்கு வேலைக்காரர் என்பது அந்தப் படிகளில் எனக்கு மறந்தே போனது.

அப்பாவுக்கு மறக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, சிக்கனக்காரர். அக்காவை வேலூரில் ஹாஸ்டலில் சேர்ப்பது, பங்களாவை லாட்ஜுக்கு வாடகைக்கு விடுவது, பட்லரைக் கணக்குத் தீர்த்து அனுப்புவது என்று கோர்ட்டில் அனுமதி கேட்டார். "ஒரு பொண்ணுக்கு எதுக்குப் பட்லரு? ஊரே சிரிக்குது" என்று அம்மாவிடம் சொன்னார். அக்கா ஆட்சேபித்தாள். இந்த வீட்டில் தனக்கென்று இருப்பது பட்லர் ஒருவர்தான், அவரை அனுப்பக் கூடாது, தன்னையும் அனுப்பக் கூடாது என்றாள். நேரில் பார்த்து அறிக்கை தர, கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பியது.

அக்காவுக்குப் பயமே இல்லை. "நாங்க எப்படி இருக்கோம்னு அவரு பாத்தா போதும்" என்றாள்.

ஆனால் கமிஷனர் வருகிறார் என்றதும் பட்லருக்கு வேறொரு வேகம் பிடித்துக்கொண்டது. பெரிய மனுஷர் விருந்துக்கு வருகிறார். பங்களாவின் மானம் தன் கையில் இருக்கிறது. கோட்டுக்குக் கஞ்சி போட்டார். வெண்கல மணியைப் புளி போட்டுத் தேய்த்தார். அக்காவுக்கும் அது தொற்றிக்கொண்டது. பெரியப்பாவின் நாற்காலியில், பெரியப்பாவைப் போலவே நிமிர்ந்து உட்கார்ந்தாள். பட்லர் அவளுக்குப் பின்னால் தூணாக நின்றார். சூப்புத் தட்டில் ரசம் வந்தது. சாப்பாடு முடியும்வரை அவர்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. கமிஷனர் ஆச்சரியத்தோடு தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் இன்னிக்கி ரெண்டு பேரும் பேச மாட்றீங்க? படியில ஒண்ணா ஒக்காந்து மல்லாட்ட திம்பீங்க இல்ல?" என்று கேட்டுவிட்டேன்.

கமிஷனர் நிமிர்ந்து பட்லரைப் பார்த்தார். "அப்படியாப்பா?"

பட்லர் அசையவே இல்லை. "கொழந்த வெளையாடுதுங்க. நான் சம்பளக்காரனுங்க. எஜமானி முன்னாடி எப்படிங்க ஒக்காருவேன்?"

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்பது தெரியும். இவ்வளவு நிமிர்ந்து நின்று சொல்வார்கள் என்பது தெரியாது.

அறிக்கை நியாயமாகவே இருந்தது. மேற்படி நபர் சம்பளம் பெறும் பணியாளர். மைனருடன் தேவைக்கு மேல் பேசுவதில்லை. விசேஷப் பற்று எதுவும் தென்படவில்லை. அப்பா கேட்ட அனுமதி கிடைத்தது.

"ஏன் அப்படி சொன்னீங்க?" என்று அக்கா அன்று கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"நாலு பேரு முன்னாடி ஒங்க பேரு கெடக் கூடாது பாப்பா."

"என் பேரு எனக்கு எதுக்கு?" என்றாள் அக்கா.

அவர் கீழ்பென்னாத்தூரில் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் வேலூருக்குப் போனாள். போகும் முன், பங்களாவுக்குக் காவலாகவாவது அவரை வேலையில் வைத்திருக்க வேண்டும் என்று கோர்ட்டுக்கு இன்னொரு மனு போட்டாள். அதற்குப் பதிலே வரவில்லை.

கோர்ட் கார்டியன் வைத்த மைனருக்கு அந்நாளில் பதினெட்டு வயது போதாது. இருபத்தொன்று ஆக வேண்டும். ஆனது. சொத்து கைக்கு வந்ததும் லாட்ஜைக் காலி செய்ய வைத்தாள். அடுத்த வாரமே என்னையும் இழுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினாள்.

பட்லர் வெளியே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்காவைக் கண்டதும் எழுந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"கெளம்புங்க, போலாம். சம்பளம் நீங்க சொல்றதுதான்."

"வேலைக்கா பாப்பா?"

"ஆமா."

"வேலைக்குன்னா வரலீங்க."

அக்கா கெஞ்சினாள், திட்டினாள். அவர் நின்றபடியே சிரித்தார். எங்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினார். வயதான திமிர் என்று நினைத்தேன். பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மலை தெரிய ஆரம்பித்ததும் தானாகச் சிரித்தாள்.

"இன்னாக்கா?"

"ஒண்ணும் இல்லடி. நான்தான் மக்கு."

மறுபடி அவள் தனியாகப் போய்வந்தாள். என்ன சொன்னாள் என்று என்னிடம் சொல்லவில்லை. கார்த்திகை தீபத்தன்று மாலை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, எப்போதும் வரும் பின்கட்டு வழியாக இல்லாமல், முன்வாசல் வழியாகப் பட்லர் வந்தார். வெள்ளைக் கோட்டு இல்லை, வேட்டி, சட்டை. நாங்கள் மூவரும் மொட்டை மாடியிலிருந்து தீபம் பார்த்தோம்.

சம்பளத்துக்கு வராதவர் பழம் வாங்கிக்கொண்டு வந்தது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. செலவு செய்து அவர் எதை வாங்கினார் என்பது, நானே பலருக்குக் கீழேயும் பலருக்கு மேலேயும் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் புரிந்தது.

மறுநாள் மதியம் பட்லர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார், நாற்காலியின் நுனியில், விழுந்துவிடுவாரோ என்று பயப்படும்படி. அக்கா பரிமாறினாள். ரசம் மேஜையில் சிந்தியது.

"எடது கைப்பக்கமா வந்து ஊத்தணும் பாப்பா."

"விருந்தாளி வாய மூடிக்கினு சாப்பிடணும்."

வாசலில் தபால்காரர் கூப்பிட்டார். கோர்ட் உறை. அக்கா கை ஈரம் என்று என்னைப் படிக்கச் சொன்னாள். வேலூர் போகும் முன் அவள் போட்ட மனுவுக்குப் பதில்: மனுதாரர் கோரியபடி, மேற்படி நபரைப் பணியாளராகத் தொடர்ந்து வைத்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை.

"இன்னாவாம்?" என்றார் பட்லர்.

"ஒண்ணும் இல்ல. சாப்பிடுங்க" என்றாள் அக்கா.

அந்தக் காகிதத்தின் மூலையில், பின்னாளில் என் அலுவலகத்தில் எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கப்போகிற மாதிரியே, அது வந்து சேர்ந்த நாளைக் குறித்து வைத்தேன்: கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்.