லயத்து வீட்டு முகவரியில் ஓர் ஓட்டு

மலாக்காவில் எனக்கு ஓட்டு இருக்கிறது என்பதே பாச்சாங் மார்க்கெட்டில் கங்கோங் கீரை வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் எனக்குத் தெரியவந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள், நான் கக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, என்று கூப்பிடுகிறவர், "உன் ஐசி நம்பரைச் சொல்லு" என்றார். அடையாள அட்டை எண்ணை இங்கே எல்லோரும் போன் நம்பர் போலச் சொல்லிவிடுவார்கள். நான் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் கைப்பேசியில் தட்டினார். திரையில் என் பெயர், என் அப்பாவின் பெயர், தொகுதி, வாக்களிக்கும் இடம் எல்லாம் வந்து நின்றன. நான் யாருக்கும் மனுப்போடவில்லை, எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கவில்லை. "யார் சேர்த்தது?" என்று மலாயில் கேட்டேன். "ஒத்தோமாத்திக்" என்றார். "சரி, யார் சேர்த்தது?" என்று திரும்பவும் கேட்டேன். எனக்கு அந்தச் சொல் விளங்கவில்லை என்று நினைத்து, பிள்ளைக்குச் சொல்வது போல "ஒத்-தோ-மா-திக்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தானாகவே என்று அர்த்தம்; சொல் எனக்கு நன்றாகவே விளங்கியது. ஓர் அரசாங்கம் கேட்காமலேயே ஒருத்திக்கு ஒன்றைக் கொடுக்கும் என்பதுதான் விளங்கவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். பதினெட்டு வயதாகிவிட்டால் இங்கே பெயர் தானாகப் பட்டியலில் ஏறிவிடும். என்னைப் போலத் தாமதமாகக் குடியுரிமை வாங்கியவர்களுக்கும் அப்படித்தான். அடையாள அட்டையில் எந்த முகவரியோ அந்த முகவரிக்குரிய இடத்தில்தான் ஓட்டு. வீடு மாறினால் அட்டையில் முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டும்; அப்புறம் வருகிற பட்டியலில் பெயரும் கூடவே மாறிவிடும். இவ்வளவுதான் முறை. குப்பை லாரி வராததற்குச் சட்டையைப் பிடித்துக் கேட்க வார்டு கவுன்சிலர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நினைத்தால் அது மட்டும் நடக்காது. நகராண்மையில் உட்காருகிறவர்களை நியமிப்பதோடு சரி. நாங்கள் ஓட்டுப் போடுவது மாநிலச் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும்தான்.

கக் ரோஸின் திரையில் எனக்கு உறுத்திய விஷயம் வேறு. நாங்கள் குடியிருப்பது பாச்சாங்கில். என் ஓட்டோ செர்காமைத் தாண்டி உள்ளே போகிற ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் தமிழ்ப்பள்ளியில் இருந்தது. என் கணவர் ராஜன் அங்கேதான் பிறந்தார். அவர் பிறந்த லயத்தை, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய அந்த வீடுகளை, இடித்து, அந்த இடத்தில் செம்பனை நட்டுப் பல வருடங்களாகின்றன. அப்படியும் அவருடைய அட்டையில் அந்த வீட்டு எண்தான் இருக்கிறது. எனக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை எடுத்தபோது படிவத்தில் அதே எண்ணை எழுதியவரும் அவர்தான். "இல்லாத வீட்டில் நான் எப்படிக் குடியிருக்கிறேன்?" என்று கேட்டேன். "தோட்டத்து ஆளுங்க எல்லாருக்கும் அப்படித்தான் லா இருக்கு. மாத்துறதுன்னா சரோஜாக்காவ ஒரு வார்த்த கேட்டுக்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். சரோஜா அவருடைய அக்கா, எனக்கு அண்ணி. என் ஓட்டை மாற்றுவதற்கு நான் எதற்கு அண்ணியைக் கேட்க வேண்டும்? சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

என் சந்தேகத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் அருப்புக்கோட்டைக்காரி. இருபது வயதில் முதல்முறையாக ஓட்டுப்போடப் போனேன். தீபாவளிக்கு எடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு, அப்பாவோடு ஒன்றரை மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்றேன். உள்ளே மேசையில் இருந்தவர் பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது போட்டாச்சேம்மா" என்றார். என் விரலை நீட்டிக் காட்டினேன். அதில் மை இல்லை. "காலையிலேயே போட்டிருக்கே" என்றார் மறுபடியும். கட்சி ஏஜெண்டுகள் நான்கு பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்பா என் கையைப் பிடித்து, "வா, பொம்பளப் புள்ள பிரச்சினை பண்ணக் கூடாது" என்று வெளியே இழுத்து வந்துவிட்டார். அப்படி ஆனால் தனியாக ஒரு சீட்டுக் கேட்டு வாங்கி ஓட்டுப்போடலாம் என்பது அன்று எங்கள் இருவருக்குமே தெரியாது. அடுத்த தேர்தல் வருவதற்குள் கல்யாணமாகி இங்கே வந்துவிட்டேன். பத்தொன்பது வருடம் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டை. வரி கட்டலாம், பிள்ளை பெறலாம், ஓட்டு மட்டும் கிடையாது. பிறகு இந்தியக் கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, ஒப்படைத்து நீல அட்டை வாங்கினேன். ஆக, நாற்பத்தொரு வயது வரைக்கும் என் கையால் ஓர் ஓட்டுக்கூடப் போட்டதில்லை. ஒரே ஒரு தடவையாவது அதை நானே போட்டுவிட வேண்டும் என்பதுதான் என் ஆசையெல்லாம்.

அந்த வாரமே அண்ணி தங்கா பத்துவிலிருந்து வந்தார். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறவர், குரலும் அடுப்பும் எப்போதும் பெரிய தீயில்தான். "பசியாறுனியா மலரு?" என்று கேட்டபடியே நீளமான ஒரு நோட்டுப்புத்தகத்தை மேசையில் விரித்தார். பக்கம் பக்கமாகத் தோட்டத்து ஆட்களின் பெயர், ஐசி எண், போன் எண், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்ற விவரம்.

"எதுக்கு அண்ணி இதெல்லாம்?"

"எலெக்ஷன் வந்தா எல்லாருக்கும் போன் போடணும்ல. ஜோகூர்ல இருக்கான், கிள்ளான்ல இருக்கான், வரவைக்கணும். ஒன் நம்பரும் சொல்லு, எழுதிக்கிறேன்."

"எந்தக் கட்சிக்கு?"

"எந்தக் கட்சிக்குப் போட்டா எனக்கென்னா? வந்து போட்டாப் போதும். நீ அட்ரஸ மட்டும் மாத்திடாத லா."

எந்தக் கட்சிக்கும் இல்லாமல் ஒருத்தி பெயர் எழுதிக்கொண்டு அலைவாள் என்பதை அருப்புக்கோட்டையில் பிறந்த யாரும் நம்பமாட்டார்கள். இத்தனை தலை என்னிடம் இருக்கிறது என்று யாரிடமோ கணக்குக் காட்டப்போகிறார் என்றே நினைத்தேன். எண்ணைத் தப்பாகச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் முகவரி மாற்றப் புறப்பட்டேன். கல்யாணப் பத்திரம், மின்சார ரசீது, வாடகை ஒப்பந்தம், எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல் என்று ஒரு கோப்பே கொண்டுபோயிருந்தேன். கவுண்டரில் இருந்த இளம்பெண் ரசீதைப் பார்த்தாள், கட்டை விரலை வைக்கச் சொன்னாள், "சுடா சியாப், கக்" என்று அட்டையைத் திருப்பித் தந்தாள். முடிந்தது என்கிறாள். எது முடிந்தது? யாரும் அலையவிடவில்லை, நாளைக்கு வா என்று சொல்லவில்லை. நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, உடம்புக்கு ஏதோ செய்கிறது என்று நினைத்து எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

முகவரியை மாற்றியதை அண்ணியிடம் நானே சொல்லிவிட்டேன். மறைக்கத் தெரியாது எனக்கு. சண்டை போடுவார் என்று தயாராகத்தான் இருந்தேன். அவர் நோட்டை மூடினார். "எங்கம்மா அந்த லயத்துலதான் பொறந்தாங்க, தெரியுமா?" என்றார்.

என் மாமியாரை எனக்கு இரண்டு வருடம்தான் தெரியும். அவர் தோட்டத்தில் பிறந்தது தெரியும். அதற்குமேல் நான் கேட்டதில்லை.

"பொறப்புப் பத்திரம் யாரும் எடுக்கல. அந்தக் காலத்துல தோட்டத்துல யாரு எடுத்தா? சாகுற வரைக்கும் செவப்பு ஐசி. நீலமா மாத்தணும்னு எத்தன தடவ போனாங்க! பத்திரம் கொண்டா, சாட்சி கொண்டா. தோட்டத்த விட்டு ஆளுங்க செதறின பெறகு சாட்சிக்கு எங்க போறது? அப்பறந்தான் நாங்க எல்லாம் முடிவு பண்ணோம். ஐசிய எடுத்துக்கிட்டு யாரும் கவுண்டருக்குப் போறதில்ல, அட்ரஸத் தொடுறதில்ல. நாளைக்கு எவனாவது ஒனக்கு யாரு சாட்சின்னு கேட்டா, ஒரே அட்ரஸ்ல முந்நூறு பேரு இருக்கோம். அதான் எலெக்ஷனுக்கு எலெக்ஷன் எல்லாரையும் வரவைக்கிறேன்."

முகவரி மாற்றினால் யாருடைய குடியுரிமையும் போய்விடாது. அதை அண்ணிக்கு எடுத்துச் சொல்லவும் செய்தேன். அவர் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. தாளைத் தொட்டால் தாள் கடிக்கும் என்பது அவர்கள் பாடம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்ல வாயெடுத்தவள், அதை முதலில் எனக்கல்லவா சொல்லிக்கொள்ள வேண்டும் என்று அடக்கிக்கொண்டேன். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "நீ பத்தொம்பது வருஷத்துல வாங்கிட்ட. இங்கயே பொறந்து, இங்கயே பால் மரம் சீவுனவங்களுக்குக் கெடைக்கல. ஒன் மேல கோவமில்ல மலரு. ஆனா வலிக்குது லா." எனக்கும் வலித்தது. ஏதோ பந்தியில் அடுத்தவர் இலையில் உட்கார்ந்துவிட்டவளைப் போல இருந்தது.

இரண்டே வாரத்தில் சட்டமன்றம் கலைந்தது. என் மாற்றம் அதற்குள் பட்டியலில் ஏறவில்லை. பழைய பட்டியல்தான் செல்லும் என்றார்கள். ஆகவே அந்தத் தோட்டப் பள்ளிக்கே நானும் போக வேண்டியதாயிற்று. வாக்களிப்பு நாள் காலையில் ராஜன் காரோட்ட, அண்ணி முன்னால், நான் பின்னால். வழிநெடுகக் கட்சிக் கொடிகள், அதற்கப்புறம் செம்பனை, மேலும் செம்பனை. பள்ளி வாசலில் ஜோகூர், கிள்ளான் என்று எங்கிருந்தோ வந்த ஆட்கள் அண்ணியைச் சூழ்ந்துகொண்டார்கள். நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் ஒரு புள்ளி வைத்தார். எந்தக் கட்சிக்காரரும் வந்து அதை வாங்கிப் பார்க்கவில்லை. நான் கடைசிவரை கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வயது வாரியாக வரிசை பிரித்திருந்தார்கள். நான் இரண்டாவது வரிசை. எனக்கு முன்னால் பத்துப் பேர் இருக்கும்போது அருப்புக்கோட்டையிலிருந்து தம்பி முத்து அழைத்தான்.

"அக்கா, ஓட்டர் லிஸ்ட் சரி பாக்க வந்திருக்காங்க. வாசல்ல நிக்கிறாங்க. உன் பேரு இன்னும் நம்ம வீட்டுல இருக்காம். அடிச்சிரச் சொல்லவா?"

சட்டப்படி என் பெயர் அங்கே இருக்கக் கூடாது. கடப்பிதழைக் கொடுத்த அன்றே அடித்திருக்க வேண்டும். ஆனாலும் முன்னால் நின்ற பத்துத் தலைகளையும் இன்னொரு தடவை எண்ணினேன். உள்ளே போய், இங்கேயும் ஒருவர் பட்டியலில் விரலை ஓட்டி, போட்டாச்சே என்று சொல்லிவிட்டால்? அங்கேயும் அடித்துவிட்டு இங்கேயும் இல்லையென்று நான் எங்கே போய் நிற்பேன்?

"கொஞ்சம் பொறுடா. இங்க போட்டுட்டு வந்து சொல்றேன்."

"அவங்களுக்கு நெறைய வீடு இருக்குக்கா."

"பொறுக்கச் சொல்லு" என்று கைப்பேசியை அணைத்துவிட்டேன். எப்படியும் உள்ளே அணைத்துத்தான் வைக்க வேண்டும்.

அறைக்குள் மேசையில் இருந்தவர் அட்டையை வாங்கி, என் பெயரையும் அப்பா பெயரையும் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார். கட்சி ஏஜெண்டுகள் தங்கள் தாளில் கோடு போட்டார்கள். யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. இடது கை ஆள்காட்டி விரலில் மை வைத்தார்கள். சீட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பி, ஏற்கெனவே ஏதாவது கிறுக்கியிருக்கிறதா என்று பார்த்தேன். கட்டத்துக்குள் ஒரே ஒரு பெருக்கல் குறி, கோட்டைத் தொடாமல் போட்டேன். பெட்டிக்குள் போட்ட பிறகும், அது உள்ளே விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தேன். பெட்டியருகே இருந்தவர் சிரித்துவிட்டார். வெளியே வந்து மழைநீர்க் கால்வாய் ஓரத்தில் நின்று அழுதேன். சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்துவைக் கூப்பிட்டேன். வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

"என்ன சொன்ன?"

"நீ இங்கதான் இருக்க, வேலைக்குப் போயிருக்கன்னு சொல்லிட்டேன்."

"எதுக்குடா பொய் சொன்ன? அப்ப நான் கள்ள ஓட்டுக்காரியாடா?"

"அப்பா பேர அடிச்சாங்க, அம்மா பேர அடிச்சாங்கக்கா. ரெண்டுக்கும் நாந்தான் கையெழுத்துப் போட்டேன். மூணாவதா உன் பேரையும் அடிக்க எனக்குக் கை வரல."

அண்ணி பக்கத்தில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. மை காயாத விரலால் என் தோளைத் தட்டினார். "எங்கம்மாவுக்கு ஒரு எடத்துலயும் பேரில்ல. ஒனக்கு ரெண்டு எடத்துல இருக்கு. ஒண்ணக் குடுத்துடு மலரு."

"முத்து, நாளைக்கு நீயே போய் அவங்களப் பாத்து என் பேர அடிக்கச் சொல்லு."

"காரணம் கேப்பாங்கக்கா. இறந்தவர், இடம் பெயர்ந்தவர். ரெண்டுல எதுன்னு சொல்லணும்."

"இடம் பெயர்ந்தவர்" என்றேன். சொல்லிவிட்டு, மனசு கேட்காமல், "எழுதினத போட்டோ எடுத்து அனுப்பு" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

படம் மூன்றாம் நாள் வந்தது. பாச்சாங் வீட்டுச் சமையலறையில் நின்று, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தான். எங்கள் வீட்டு எண்ணுக்குக் கீழே நான்கு பெயர்கள். அப்பாவுக்கு நேரே இறந்தவர், அம்மாவுக்கு நேரே இறந்தவர், எனக்கு நேரே இடம் பெயர்ந்தவர். நான்காவதாக முத்துவின் பெயர் மட்டும் கோடு படாமல் இருந்தது.